டர்னிப் கசப்பது ஏன், தொய்வது ஏன், அதன் இலையை என்ன செய்வது?

கார்போஹைட்ரேட்டைக் குறைக்க வேண்டும் என்று உருளைக்கிழங்குக்குப் பதிலாக டர்னிப் வாங்கியிருக்கிறீர்கள். இலையோடு ஒரு கட்டு. சமைத்ததில் கசந்தது. மீதியை அப்படியே ஃபிரிட்ஜில் வைத்தீர்கள். ஒரு வாரத்துக்குள் காய் ரப்பர் போலத் தொய்ந்துவிட்டது, இலை மஞ்சளாகிக் குப்பைக்குப் போய்விட்டது. இதற்கிடையில், தைராய்டு மாத்திரை சாப்பிடும் உங்கள் அம்மா இதைத் தொடவே கூடாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இவ்வளவு தொல்லைக்கு இந்தக் காய் தகுமா என்று கேட்கிறீர்கள். எனக்கு அந்தக் கேள்விக்குள் இன்னொன்று கேட்கிறது: டர்னிப்பை எந்த இனத்துக் காயாக நினைத்துக் கையாள்வது? உருளைக்கிழங்கின் தம்பியாக அதை நினைத்ததால்தான் உங்களுக்கு எல்லா இடத்திலும் சறுக்கியிருக்கிறது. அது கடுகுக்கு உறவு. அதோடு, கட்டாக வாங்கும்போது உங்கள் கைக்கு வருவது ஒரு காய் அல்ல, இரண்டு: ஒரு கிழங்கும் ஒரு கீரையும். இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டால் கசப்பு, சேமிப்பு, தைராய்டு மூன்றுக்கும் பதில் கிடைத்துவிடும்.

நான் உணவியல் படித்தவன். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பெரிய சமையலறைகளில் காய்கறிக் கொள்முதலையும் சேமிப்பையும் உணவுப் பட்டியலையும் கவனித்து வருகிறேன். மருத்துவன் அல்ல. ஆகவே உங்கள் அம்மாவின் மாத்திரை அளவைப் பற்றி ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன். அவர் தட்டில் இருக்கும் காயைப் பற்றிச் சொல்கிறேன்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். தமிழில் டர்னிப்பை நூல்கோல் என்று எழுதிவிடுகிறவர்கள் பலர். நூல்கோல் வேறு, டர்னிப் வேறு. நூல்கோல் முட்டைக்கோஸ் இனத்தைச் சேர்ந்தது. மண்ணுக்கு மேலே தண்டு பருத்து உருண்டையாகிறது, அதன் உடம்பெல்லாம் இலைக்காம்புகள் முளைத்த தடம் இருக்கும். டர்னிப்பில் இலைகள் எல்லாம் தலையில் ஒரே இடத்திலிருந்து கிளம்பும், அடியில் ஒரு வால் வேர் நீளும். சத்து அட்டவணையையோ சமையல் குறிப்பையோ தேடும்போது பெயரை மட்டும் நம்பாமல் படத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றின் எண்ணிக்கையை மற்றொன்றுக்கு ஒட்டிவைத்த பக்கங்களை நிறையவே பார்த்திருக்கிறேன்.

டர்னிப்பின் தாவரவியல் பெயர் பிராசிகா ராப்பா. பாக் சோய் கீரையும் நீளவாட்டில் அடுக்கடுக்காக இருக்கும் சீனக் கோஸும் இதே இனம்தான் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். ஒரே இனத்தில், இலைக்காகத் தேர்ந்தெடுத்து வளர்த்தவை கீரையாகவும் கோஸாகவும் ஆயின. அடிப்பகுதிக்காகத் தேர்ந்தெடுத்தவை டர்னிப் ஆயின. விதைக்காகத் தேர்ந்தெடுத்தவற்றிலிருந்து எண்ணெய் எடுக்கிறார்கள். இன்னொரு உறவும் உண்டு: ருடபாகா அல்லது ஸ்வீடு (swede) என்று அழைக்கப்படும் மஞ்சள் சதைக் கிழங்கு. டர்னிப் இனமும் முட்டைக்கோஸ் இனமும் கலந்து பிறந்தது அது. டர்னிப்புக்குப் பத்து இணை குரோமோசோம்கள், முட்டைக்கோஸுக்கு ஒன்பது, ருடபாகாவுக்குப் பத்தொன்பது. இந்தக் கணக்கை 1935இல் விளக்கிக் காட்டியவர் யு நாகஹரு என்ற தாவரவியலாளர். சமையலறையில் இதற்கு என்ன பயன் என்றால், ருடபாகா தோல் தடித்தது, சதை இறுகியது, இனிப்பு கூடியது, வேக அதிக நேரம் எடுப்பது. அதற்கு எழுதிய குறிப்பை வைத்து டர்னிப்பைச் சமைத்தால் குழைந்து நீர்த்துப் போகும்.

கிழங்கு என்று நான் சொல்வதும் வசதிக்காகத்தான். உருண்டையின் பெரும்பகுதி, விதையிலை முளைத்த இடத்துக்கும் வேருக்கும் நடுவே இருக்கும் தண்டுப் பகுதி பருத்து வருவது. அடியில் மட்டுமே உண்மையான வேர். மண்ணுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்து வெயில் பட்ட தோள்பகுதி ஊதாவாகிறது. சாயம் பூசியிருக்கிறார்களோ என்று சிலர் கேட்பதுண்டு; அது ஆந்தோசயனின் என்ற இயற்கை நிறமி, அச்சமின்றிச் சாப்பிடலாம்.

இனி கசப்பு. கடுகை நாக்கில் வைத்தால் ஒன்றும் தெரியாது, கடித்தால்தான் காரம் ஏறும். டர்னிப்பிலும் நடப்பது அதுவே. குளுக்கோசினோலேட் என்ற கந்தகச் சேர்மங்கள் காயின் திசுவுக்குள் ஒரு பக்கம் இருக்கின்றன, மைரோசினேஸ் என்ற நொதி இன்னொரு பக்கம் இருக்கிறது. கத்தி பட்டுச் செல் உடைந்ததும் இரண்டும் சந்தித்து, நெடியுள்ள புதிய சேர்மங்களை உண்டாக்குகின்றன. தாவரத்துக்கு இது பூச்சியை விரட்டும் ஏற்பாடு. வெயில் அதிகமாக இருக்கும்போதும், தண்ணீர் போதாதபோதும், முற்றவிட்டுப் பறித்தபோதும் இந்த நெடியும் கசப்பும் கூடும். குளிர்ந்த பருவத்தில் வளர்ந்து இளசாகப் பறித்த டர்னிப், அதே விதையிலிருந்து வந்ததுதானா என்று கேட்கும் அளவுக்கு இனிக்கும். எனவே உங்கள் கசப்பில் பாதி, வாங்கிய காயின் வயதிலும் பருவத்திலும் இருந்திருக்கலாம்.

மீதிப் பாதி உங்கள் நாக்கில்கூட இருக்கலாம். 1931இல் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளர் ஆய்வகத்தில் ஒரு தூளைக் கையாண்டபோது அது காற்றில் பறந்தது. பக்கத்தில் இருந்தவர் வாயெல்லாம் கசக்கிறது என்றார். ஃபாக்ஸுக்கு எந்தச் சுவையும் தெரியவில்லை. ஒரு கசப்பைச் சிலரால் உணர முடியும், சிலரால் முடியாது, அது பரம்பரையாக வருவது என்ற புரிதல் அங்கிருந்து தொடங்கியது. அதற்குப் பெரும்பாலும் காரணமான மரபணு 2003இல் அடையாளம் காணப்பட்டது. அதன் கூர்மையான வகையைத் தாய் தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவர்களுக்கு டர்னிப், முள்ளங்கி, கடுகுக்கீரை போன்றவை மற்றவர்களைவிட நன்றாகவே கசக்கும் என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. வீட்டில் ஒருவர் ரசித்துச் சாப்பிட, இன்னொருவர் முகம் சுளித்தால் அது பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். குழந்தைகள் விஷயத்தில் இதை நான் மிகவும் வற்புறுத்துவேன்.

கசப்பைக் குறைக்க என்ன செய்யலாம்? தோலைத் தாராளமாகச் சீவுங்கள். தோலுக்கு அடியில் ஒரு தடித்த வளையம் தெரியும். முற்றிய காயில் அதையும் சேர்த்து எடுத்துவிட வேண்டும், நாரும் நெடியும் அங்கேதான் அதிகம். எலுமிச்சை அளவே உள்ள பிஞ்சுக்குச் சீவவே வேண்டாம், தேய்த்துக் கழுவினால் போதும். நெடி மிஞ்சிய காயாக இருந்தால் துண்டுகளைக் கொதிக்கும் நீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டு, அந்த நீரை வடித்துவிட்டுச் சமையலைத் தொடருங்கள். குளுக்கோசினோலேட் நீரில் கரையக்கூடியது என்பதால் நன்றாகக் குறையும். கூடவே வைட்டமின் சியும் கொஞ்சம் போகும். இளசான காய்க்கு இது வீண் வேலை. உப்பை முதலிலேயே போடுங்கள், ஏனென்றால் உப்பு கசப்புணர்வை அடக்கும். கொழுப்பும் புளிப்பும் உதவும். சர்க்கரை சேர்ப்பதைவிட, காயில் இருக்கும் சர்க்கரையையே சூட்டில் பழுப்பாக்கி வெளியே கொண்டுவருவது எனக்குப் பிடித்த வழி.

அங்கேதான் உருளைக்கிழங்கிலிருந்து டர்னிப் முற்றிலும் பிரிகிறது. உருளைக்கிழங்கில் மாவுச்சத்து நிறைந்திருக்கிறது; வெந்ததும் அது நீரை உறிஞ்சி மாவாக உதிர்கிறது, குழம்பைக் கெட்டியாக்குகிறது. டர்னிப்பில் ஏறக்குறைய 92 சதவீதம் தண்ணீர். இருக்கும் கார்போஹைட்ரேட்டில் பெரும்பகுதி எளிய சர்க்கரை, அடுத்தது நார். வெந்தால் அது நீரை உறிஞ்சாது, விடும். அதனால் மசித்த டர்னிப் சொதசொதவென்று இருப்பது உங்கள் கைப்பிழை அல்ல. மசிக்க விரும்பினால், வெந்த துண்டுகளை வடித்து, வெறும் பாத்திரத்தில் சிறு தீயில் சில நிமிடம் கிளறி ஈரத்தை ஓட்டிவிட்டு மசியுங்கள். வறுக்கவோ ஓவனில் சுடவோ விரும்பினால் துண்டுகளைத் துடைத்து உலர்த்தி, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்பி, அதிகச் சூட்டில் வையுங்கள். நெருக்கிப் போட்டால் தான் விட்ட நீரிலேயே தான் வெந்து, பழுப்பேறாமல் போகும். மொறுமொறுப்பை எதிர்பார்க்காதீர்கள், ஓரம் கருகிய இனிப்பையும் மென்மையையும் எதிர்பாருங்கள்.

நேரம் மிக முக்கியம். விரல் தடிமன் துண்டு கொதிநீரில் பத்து நிமிடத்தை ஒட்டி வெந்துவிடும். கத்தி முனை லேசான எதிர்ப்போடு இறங்கும்போதே நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் வேகவேக கந்தகச் சேர்மங்கள் சிதைந்து, முட்டைக்கோஸை அதிக நேரம் வேகவைத்தால் எழும் அந்த நாற்றம் வரத் தொடங்கும். பெரிய சமையலறையில் நான் முதன்முதலாக டர்னிப் சமைக்க வைத்த நாளில், அண்டாவை மூடிவைத்து ஒரு மணி நேரம் அடுப்பிலேயே விட்டுவிட்டார்கள். அந்த வாடையில் சாப்பாட்டுக் கூடமே தட்டைத் தள்ளிவைத்தது. அடுத்த வாரம் அதே காயைத் திறந்த பாத்திரத்தில், குறைந்த நேரத்தில், சிறு சிறு தவணையாகச் சமைத்தோம், மிச்சமின்றித் தீர்ந்தது. சமையல் சோடா மட்டும் போடாதீர்கள். சதையைக் கூழாக்கும், வைட்டமின் சியையும் அழிக்கும்.

பச்சையாகவும் சாப்பிடலாம். மெல்லிய சீவல்களில் உப்பும் எலுமிச்சைச் சாறும் பிசறிக் கால் மணி நேரம் வைத்தால் நெடி தணிந்து, நறுக்கென்று இருக்கும். பிஞ்சுக் காய்க்கு இதைவிட நல்ல சமையல் எனக்குத் தெரியாது.

சத்தைப் பற்றிச் சொல்லும்போது கிழங்கையும் இலையையும் ஒரே மூச்சில் பேசக்கூடாது. 100 கிராம் பச்சைக் கிழங்கில் சுமார் 28 கலோரி, 6.4 கிராம் கார்போஹைட்ரேட், அதற்குள் 1.8 கிராம் நார், புரதம் ஒரு கிராமுக்கும் குறைவு. பொட்டாசியம் 190 மில்லிகிராம், கால்சியம் 30 மில்லிகிராம், வைட்டமின் சி 21 மில்லிகிராம் என்ற அளவில் இருக்கின்றன. நீரில் வேகவைத்தால் அந்த வைட்டமின் சி ஏறத்தாழ 12 மில்லிகிராமாக இறங்குகிறது. அதே எடை உருளைக்கிழங்கில் 77 கலோரியும் 17 கிராமுக்கு மேல் கார்போஹைட்ரேட்டும் இருக்கும். ஆக, நீங்கள் நாடிய கார்போஹைட்ரேட் குறைப்பு உண்மைதான்: 200 கிராம் உருளைக்கிழங்கு இருந்த இடத்தில் 200 கிராம் டர்னிப் வைத்தால் சுமார் 22 கிராம் குறைகிறது. அதே சமயம் சுமார் 100 கலோரியும் குறைகிறது. அந்த இடத்தைப் பருப்பாலோ பயறாலோ முட்டையாலோ நிரப்பாவிட்டால் இரண்டு மணி நேரத்தில் பசித்து, எதையாவது கொறிக்கத் தோன்றும். டர்னிப் உணவின் இடத்தை நிரப்பும், உணவின் வேலையை முழுதாகச் செய்யாது. உருளைக்கிழங்கைக் கெட்ட காய் என்று நினைத்துவிடவும் வேண்டாம். பொட்டாசியத்தில் அது டர்னிப்பைவிட இரண்டு மடங்குக்கு மேல். சிறுநீரகக் கோளாறால் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களுக்கு இதே காரணத்தால் டர்னிப் வசதியாக அமையலாம். அவரவர் உணவியலாளரைக் கேட்டு முடிவு செய்ய வேண்டியது அது.

சர்க்கரை நோயாளிகள் டர்னிப்பின் கிளைசீமிக் குறியீடு, அதாவது அது இரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றும் என்பதைக் காட்டும் எண், எவ்வளவு என்று அடிக்கடி கேட்கிறார்கள். அந்தக் குறியீட்டை அளக்க, வழக்கமாக 50 கிராம் செரிக்கக்கூடிய கார்போஹைட்ரேட் உள்ள அளவு உணவைக் கொடுத்துப் பார்ப்பார்கள். டர்னிப்பில் அந்த அளவு வேண்டுமென்றால் ஒரு கிலோவுக்கு மேல் சாப்பிட வேண்டும். ஒரே வேளையில் யாரும் அவ்வளவு சாப்பிடுவதில்லை. எனவே அந்த எண்ணைத் தேடிக் கவலைப்படுவதில் பொருளில்லை. ஒரு வேளைக்குரிய அளவில் கார்போஹைட்ரேட் குறைவு என்பதே போதுமான செய்தி.

இலையின் கதை வேறு. நீங்கள் எறிந்துவிட்டீர்கள் என்று படித்தபோது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. 100 கிராம் பச்சை இலையில் கால்சியம் சுமார் 190 மில்லிகிராம், அதாவது கிழங்கைப் போல் ஆறு மடங்கு. வைட்டமின் சி 60 மில்லிகிராம். ஃபோலேட் 190 மைக்ரோகிராமுக்கு மேல். கிழங்கில் அது 15தான். கிழங்கில் இல்லாத பீட்டா கரோட்டின் இதில் நிறைய உண்டு. வைட்டமின் கே 250 மைக்ரோகிராம் அளவில் இருக்கிறது. கால்சியம் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, எவ்வளவு உடலில் சேர்கிறது என்பது முக்கியம். பசலை வகைக் கீரைகளில், கால்சியத்தைப் பிணைத்துக்கொள்ளும் ஆக்சலேட் மிகுந்திருப்பதால் அவற்றின் கால்சியத்தில் இருபதில் ஒரு பங்குதான் உடலில் சேர்கிறது. டர்னிப் இலையில் ஆக்சலேட் குறைவு. அதன் கால்சியத்தில் ஏறக்குறைய பாதி சேர்கிறது. பாலில் சேர்வது மூன்றில் ஒரு பங்கு. பால் சாப்பிடாதவர்களுக்கு இதைவிட நல்ல கீரை கிடைப்பது அரிது. கையில் பட்டால் சொரசொரப்பாக இருக்கும் அந்த மெல்லிய முடிகள் வெந்ததும் தெரியாது. தடித்த நடுக்காம்பை உருவிவிட்டு, இலையை நறுக்கி வேகவைத்தோ வதக்கியோ சாப்பிடுங்கள். கசப்பு கிழங்கைவிடக் கொஞ்சம் கூடுதல்தான்.

இலையைப் பற்றி ஓர் எச்சரிக்கை உண்டு, இது சந்தேகத்துக்கு இடமில்லாதது. வார்ஃபரின் என்ற இரத்த உறைவு தடுப்பு மாத்திரை எடுப்பவர்கள் வைட்டமின் கே நிறைந்த கீரையின் அளவைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது. மாத்திரையின் வேலையே மாறிவிடும். கீரையை அறவே விட வேண்டும் என்று பொருளல்ல. அளவு வாரத்துக்கு வாரம் சீராக இருக்க வேண்டும், மருத்துவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கிழங்கில் வைட்டமின் கே மிகமிகக் குறைவு, அதற்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

இப்போது உங்கள் அம்மாவின் தைராய்டு. இந்த அச்சம் வெறும் வதந்தியிலிருந்து வந்ததல்ல. 1928இல், முட்டைக்கோஸையே முக்கிய உணவாகக் கொடுத்து வளர்த்த ஆய்வக முயல்களுக்குக் கழுத்துக் கழலை வந்தது பதிவாகியது. 1949இல் மஞ்சள் டர்னிப்பிலிருந்தும் அதன் உறவுத் தாவரங்களின் விதைகளிலிருந்தும் கோய்ட்ரின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். தைராய்டு சுரப்பி ஹார்மோனை உண்டாக்குவதை அது தடுக்கிறது. மனிதர்களிலும் ஒரு சம்பவம் உண்டு: 2010இல் ஒரு மருத்துவ இதழில் வெளியானது. 88 வயதான ஒரு பெண்மணி, டர்னிப்பின் இனமேயான பாக் சோயை நாளுக்கு ஒன்று முதல் ஒன்றரை கிலோ வரை, பச்சையாக, பல மாதங்கள் சாப்பிட்டுவந்தார். தைராய்டு கடுமையாகக் குறைந்து உயிருக்கே ஆபத்தான நிலையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். இந்தச் செய்தியைப் பகிர்கிறவர்கள் அளவையும் ‘பச்சையாக’ என்ற சொல்லையும் விட்டுவிடுகிறார்கள். செய்தியின் சாரமே அந்த இரண்டில்தான் இருக்கிறது.

உறுதியாகச் சொல்லக்கூடியவை இவை. வேகவைக்கும்போது மைரோசினேஸ் நொதி செயலிழக்கிறது, கோய்ட்ரின் உருவாவது பெரிதும் குறைகிறது. குடல் பாக்டீரியாக்கள் ஓரளவு அந்த வேலையைச் செய்யும் என்பதால் முற்றிலும் நின்றுவிடாது. அயோடின் பற்றாக்குறை இருந்தால் பாதிப்பு கூடும், அயோடின் போதிய அளவு இருந்தால் குறையும். இந்தப் பொருள்கள் தடுப்பது சுரப்பியின் வேலையை. மாத்திரையாக உள்ளே போகும் ஹார்மோனை அவை அழிப்பதில்லை. சுரப்பியை அறுவைசிகிச்சையில் எடுத்துவிட்டவருக்குத் தடுக்கவே அங்கே ஒன்றும் இல்லை. ஆகவே வாரத்தில் ஓரிரு நாள் சமைத்த டர்னிப்பை ஒரு கிண்ணம் சாப்பிடுவதைத் தடுக்க உணவியல் காரணம் எதுவும் இல்லை. எந்த அளவைத் தாண்டினால் தீங்கு என்று ஒரு கோடு கிழிப்பது ஆளுக்கு ஆள் மாறும். சுரப்பி எவ்வளவு வேலை செய்கிறது, அயோடின் எவ்வளவு சேர்கிறது என்பவற்றைப் பொறுத்தது, அதை அவருடைய மருத்துவர் பரிசோதனை முடிவுகளைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பச்சைக் காயைச் சாறாக்கித் தினமும் குடிக்கும் பழக்கத்தை மட்டும் அவர் தவிர்க்கட்டும். மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டு, உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் இடைவெளி விடுகிறாரா என்று பாருங்கள். டர்னிப்பைவிட அந்த இடைவெளிதான் அவர் உடல்நிலையில் அதிகம் பேசும்.

டர்னிப் புற்றுநோயைத் தடுக்கும் என்று எழுதுகிறவர்களும் உண்டு. கிழங்கின் நெடிக்குக் காரணமான சேர்மங்களில் ஒன்று ஆய்வகத்தில் செல்களிலும் விலங்குகளிலும் நம்பிக்கை தரும் விளைவுகளைக் காட்டியிருக்கிறது. மனிதர்கள் தட்டில் சாப்பிடும் அளவில் டர்னிப் ஒரு நோயைத் தடுத்தது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. கோஸ் குடும்பக் காய்களை நிறைய உண்பவர்களிடம் சில நோய்கள் குறைவாகக் காணப்பட்ட ஆய்வுகளும் இருக்கின்றன, அந்தத் தொடர்பு தெரியாத ஆய்வுகளும் இருக்கின்றன. மருந்தாக எண்ணி யாரும் இதை வாங்க வேண்டாம்.

சேமிப்பில் உங்களுக்கு நேர்ந்தது மிக எளிதாகத் தவிர்க்கக்கூடியது. பறித்த பிறகும் இலை உயிரோடுதான் இருக்கிறது. அதன் துளைகள் வழியாக நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. வேர் வழியே நீர் வராததால், அடியில் இருக்கும் உருண்டையிலிருந்து அதை உறிஞ்சிக்கொள்கிறது. இலையோடு வைத்த கிழங்கு தொய்வதற்கு அதுதான் காரணம். வீட்டுக்கு வந்தவுடன், வேறெதையும் செய்வதற்கு முன், தலையில் ஒரு விரற்கடை காம்பு மட்டும் விட்டு இலையை வெட்டிப் பிரித்துவிடுங்கள். உருண்டையின் சதையை வெட்டிவிடக்கூடாது. வெட்டுப்பட்ட இடத்தில்தான் அழுகல் தொடங்கும். வால் வேரையும் சமைக்கும்போது நறுக்கினால் போதும்.

கிழங்கைக் கழுவாமல், மண்ணைத் தட்டிவிட்டு, சில துளைகள் இட்ட பிளாஸ்டிக் பையில் போட்டு ஃபிரிட்ஜின் காய்கறி அறையில் வையுங்கள். இரண்டு மூன்று வாரம் உறுதியாக நிற்கும். வணிகக் கிடங்குகளில் உறையாத அளவுக்கு, அதாவது 0 டிகிரி செல்சியஸை ஒட்டியும் 90 முதல் 95 சதவீத ஈரப்பதத்திலும் வைத்து நான்கைந்து மாதம் காப்பாற்றுகிறார்கள். வீட்டு ஃபிரிட்ஜ் அவ்வளவு குளிர்ச்சியும் இல்லை, அவ்வளவு ஈரமும் இல்லை. குளிரைவிட ஈரப்பதம்தான் அங்கே குறைபாடு. அதை ஈடுகட்டவே பை. பையை இறுக மூடிவிட்டால் உள்ளே நீர் கோத்துப் பூசணம் பிடிக்கும். ஒரு தாள் துணியை உள்ளே வைத்து, நனைந்தால் மாற்றிக்கொள்ளுங்கள்.

இலையைக் கீரையாகவே பாருங்கள். ஈரமில்லாமல் துணியிலோ தாளிலோ சுற்றிப் பையில் வைத்தால் மூன்று நான்கு நாள். ஆப்பிள், பழுத்த வாழை, தக்காளி ஆகியவற்றின் பக்கத்தில் வைக்காதீர்கள். அவை விடும் எத்திலீன் வாயு இலையை மஞ்சளாக்கும். எங்கள் சமையலறையில் ஒரு விதி வைத்திருக்கிறேன்: கட்டு வந்த அன்றோ மறுநாளோ இலை சமைத்தாக வேண்டும், கிழங்கு காத்திருக்கலாம்.

லேசாகத் தொய்ந்த கிழங்கை எறிந்துவிட வேண்டாம். சீவித் துண்டாக்கிக் குளிர்ந்த நீரில் அரை மணி, ஒரு மணி நேரம் போட்டால் பெருமளவு மீண்டுவிடும். சமையலுக்கு நன்றாகவே இருக்கும். தலையில் சிறு தளிர் விட்டிருந்தாலும் கெட்டுவிடவில்லை, உருளைக்கிழங்கின் முளையைப் போல் அதில் நச்சு கிடையாது. வெட்டிப் பார்க்கையில் நடுவில் பஞ்சு போல் காய்ந்து இருந்தால் முற்றிவிட்டது என்று அர்த்தம். தீங்கில்லை, சுவையும் இல்லை. நடுச்சதையில் பழுப்பாக நீர் கோத்ததுபோல் தெரிந்தால் பெரும்பாலும் வளர்ந்த மண்ணில் போரான் என்ற சத்து குறைவு; அந்தப் பகுதியை நீக்கிவிடலாம். பிசுபிசுப்பு, புளித்த வாடை, விரல் அமுங்கும் அழுகல், பூசணம் இவற்றில் ஒன்று இருந்தால் மட்டும் தயங்காமல் எறிந்துவிடுங்கள்.

நிறைய வாங்கிவிட்டால் உறையவைக்கலாம். சீவி ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, கொதிநீரில் இரண்டு நிமிடம், உடனே பனிநீரில் இரண்டு நிமிடம், வடித்து உலர்த்தி, காற்றை வெளியேற்றிப் பையில் கட்டி மைனஸ் 18 டிகிரியில் வைத்தால் எட்டு முதல் பன்னிரண்டு மாதம் வரை தரம் நிற்கும். கொதிநீரில் போடாமல் பச்சையாக உறையவைத்தால் நொதிகள் தொடர்ந்து வேலை செய்து நிறத்தையும் மணத்தையும் கெடுக்கும். உறைந்ததைக் கரைத்தபின் நறுக்கென்ற தன்மை இருக்காது; சூப்புக்கும் குழம்புக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இலைக்கும் அதே இரண்டு நிமிடக் கணக்குதான்.

உப்பில் புளிக்கவைப்பதும் நல்ல வழி. காயின் எடையில் இரண்டு முதல் மூன்று சதவீத உப்பு, காய் நீருக்குள் மூழ்கியே இருக்க வேண்டும். புட்டியில் அடைத்து மாதக்கணக்கில் வெளியே வைக்க நினைப்பவர்களிடம் மட்டும் கண்டிப்பாகவே பேசுவேன். டர்னிப் புளிப்பு குறைந்த காய். வினிகர் ஊற்றிப் புளிப்பாக்காமலோ முறையாகப் புளிக்கவைக்காமலோ, கொதிநீரில் மட்டும் சூடாக்கிக் காற்றுப் புகாமல் அடைத்தால், போட்டுலிசம் என்ற கொடிய நச்சை உண்டாக்கும் பாக்டீரியாவின் வித்துகள் அந்தச் சூட்டில் சாகாது. அழுத்தக் கலத்தில் அதற்கென்று பரிசோதிக்கப்பட்ட முறை தெரியாதவர்கள் அந்த வழிக்குப் போகவே வேண்டாம்.

அடுத்த முறை கட்டு வாங்கும்போது டென்னிஸ் பந்தைவிடச் சிறியதாக, அந்த அளவுக்குக் கையில் கனமாக உணரும் காயாக, இலை நிமிர்ந்து பச்சையாக இருப்பதாகப் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் இலையை வெட்டி அன்றிரவே சமைத்துவிடுங்கள். கிழங்கில் ஒன்றை மட்டும் எடுத்துச் சீவி, ஒரு சிறு துண்டைப் பச்சையாகக் கடித்துப் பாருங்கள். இனித்தால் மெல்லச் சீவி உப்பும் எலுமிச்சையும் போதும். நெடி ஏறினால் கொதிநீரில் போட்டு வடித்துவிட்டு, மீதியை அதிகச் சூட்டில் பழுப்பாகச் சுட்டுக்கொள்ளுங்கள். மற்ற கிழங்குகள் துளையிட்ட பைக்குள் இரண்டு வாரம் காத்திருக்கும். உங்கள் அம்மாவுக்கு, வேகவைத்ததில் ஒரு கிண்ணம்.